இணையப் படங்களை முறையாகப் பயன்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் இணைய இதழுக்கு வரும் கட்டுரைகளைச் சரிபார்த்து ஏற்றும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். எழுத்தில் ஓர் ஒற்றுப்பிழைக்கும் இடங்கொடாத எழுத்தாளர்கள்கூட, உடன் அனுப்பிய படம் யாருடையது என்று கேட்டால் ‘இணையத்தில் கிடைத்தது’ என்றே பதில் எழுதுகிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த ஐயங்களை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ‘காப்புரிமை’ என்ற சொல் கண்டுபிடிப்புகளுக்கான உரிமைக்கும் வழங்குவதால், படைப்புகளுக்கான உரிமையைப் ‘பதிப்புரிமை’ என்றே எழுதுகிறேன். சட்டத்தின் நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒரு நாட்டுக்கு மட்டும் பொருந்துவதை அந்த நாட்டின் பெயரோடு சொல்லியிருக்கிறேன்.

கூகுளில் தேடினால் வருகிற படம்தானே, எடுத்துப் போட்டால் என்ன தவறு?

கூகுள் அந்தப் படத்தின் உரிமையாளர் அல்ல. படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் வழிகாட்டி மட்டுமே. தேடல் முடிவில் தெரியும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு புகைப்படக்காரரோ ஓவியரோ நிறுவனமோ இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருப்பதும், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்திருப்பதும் ஒன்றல்ல.

கூகுள் படத்தேடலில் ‘கருவிகள்’ பகுதிக்குள் பயன்பாட்டு உரிமையைக் கொண்டு வடிகட்டும் வசதி உண்டு. அது நல்ல தொடக்கம். ஆனால் அந்தத் தகவல் படம் இருக்கும் தளம் சொன்னதை அப்படியே காட்டுவதுதான். மூலப் பக்கத்துக்குப் போய் உரிமத்தை நம் கண்ணால் படித்தாக வேண்டும்.

படத்தில் பெயரும் இல்லை, வட்டத்துக்குள் ‘சி’ போட்ட அந்தக் குறியும் இல்லை. அப்படியென்றால் உரிமை யாருக்கும் இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. 1886இல் உருவாகி, இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கும் பெர்ன் உடன்படிக்கையின்படி, பதிப்புரிமை பெறுவதற்குப் பதிவோ குறியோ எந்தச் சடங்கும் தேவையில்லை. புகைப்படக்காரர் பொத்தானை அழுத்திய நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. குறி இல்லாத படத்தை ‘யாருடையது என்று எனக்கு இன்னும் தெரியாத படம்’ என்று கொள்வதே சரி.

‘நன்றி: இணையம்’, ‘படம்: கூகுள்’ என்று கீழே போட்டுவிடுகிறேனே, அது போதாதா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். நல்லெண்ணத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். இதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் கலந்துவிடுகின்றன. அனுமதி என்பது படத்தைப் பயன்படுத்தும் உரிமை. பெயர் குறிப்பிடுதல் என்பது படைத்தவருக்குச் செய்யும் கடமை. ஒன்றைச் செய்தால் மற்றொன்று நிறைவேறிவிடாது. பெயர் போட்டதால் அனுமதி வந்துவிடாது; அனுமதி வாங்கியதால் பெயரை விட்டுவிடவும் முடியாது. ‘நன்றி: இணையம்’ என்பதோ இந்த இரண்டில் எதையுமே செய்வதில்லை, ஏனென்றால் இணையம் எந்தப் படத்தையும் எடுத்ததில்லை.

இதற்கு ஒரு வழக்கைச் சொல்வேன். ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவர், ஸ்பெயினின் கோர்தோபா நகரத்தைப் பற்றிய தம் வகுப்புக் கட்டுரையில், ஒரு பயண இணையதளத்திலிருந்து எடுத்த நகரப் படத்தைச் சேர்த்தார். படத்தின் கீழே அந்தத் தளத்தின் பெயரையும் குறிப்பிட்டிருந்தார். பள்ளி அந்தக் கட்டுரையைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. படத்தை எடுத்தவரோ அதை அந்தப் பயணத் தளத்துக்கு மட்டுமே கொடுத்திருந்தார். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. முதல் தளத்தில் யாரும் தடையின்றிப் பார்க்கும்படி படம் இருந்தாலும், அதை நகலெடுத்து வேறொரு தளத்தில் ஏற்றுவதற்கு உரிமையாளரின் புதிய அனுமதி தேவை என்று 2018 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம் சொன்னது. மாணவர் மூலத்தைக் குறிப்பிட்டிருந்தது அனுமதியின் இடத்தை நிரப்பவில்லை.

நான் இதில் ஒரு காசுகூடப் பார்ப்பதில்லை. ஆர்வத்தில் எழுதுகிறவனுக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. மேலே சொன்ன பள்ளியும் காசுக்காக அதைச் செய்யவில்லை. வருமானம் இல்லாதது இழப்பீட்டின் அளவைக் குறைக்கலாம். சில நாடுகளில், அனுமதி கேட்காமல் பயன்படுத்த இடம் தரும் நியாயமான பயன்பாடு என்ற விலக்கை வாதிடும்போது துணைக்கும் வரலாம். ஆனால் அதுவே முழு விடையாகாது. அமெரிக்கச் சட்டம் பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்த அளவு, மூலத்தின் சந்தையில் ஏற்படும் விளைவு என்ற நான்கையும் சேர்த்தே எடைபோடுகிறது. ஒரு படத்தையே விமர்சித்து எழுதுகிறவர் அந்தப் படத்தைக் காட்டுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. மழையைப் பற்றிய கட்டுரைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு மழைப் படத்தைப் போடுகிறவருக்கு அந்தக் காரணம் இல்லை.

சரி, பயமில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய படங்கள் எங்கேதான் இருக்கின்றன?

நான் முதலில் போகும் இடம் விக்கிமீடியா காமன்ஸ். 2004இல் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் கட்டற்ற உரிமமுள்ள கோப்புகளை மட்டுமே ஏற்கிறார்கள். ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் எடுத்தவர், மூலம், உரிமம் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் விக்கிப்பீடியாக் கட்டுரையில் பார்க்கும் எல்லாப் படங்களும் காமன்ஸிலிருந்து வந்தவை அல்ல. திரைப்படச் சுவரொட்டி, நிறுவன முத்திரை போன்றவை நியாயமான பயன்பாடு என்ற பெயரில் அந்த விக்கிப்பீடியாவில் மட்டும் வைக்கப்பட்டிருக்கலாம். படத்தைச் சொடுக்கி அதன் பக்கத்தைப் படித்தால் இது தெரிந்துவிடும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் தன்னிடமுள்ள பழைய கலைப்பொருள்களின் லட்சக்கணக்கான படங்களை எந்த நிபந்தனையும் இன்றித் திறந்துவிட்டது. நாசாவின் படங்களுக்கும் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை; ஆனால் நாசாவின் முத்திரையை நம் விருப்பத்துக்குப் பயன்படுத்த முடியாது. அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே போன்ற தளங்கள் பெயர் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்குவதில்லை. இருந்தும் அவை தமக்கென்று தனி உரிமம் வைத்திருக்கின்றன. படத்தை மாற்றாமல் அப்படியே விற்பதை அவை தடுக்கின்றன. ‘இலவசம்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மற்றதைப் படிக்காமல் விடக் கூடாது.

சிசி பை, சிசி பை-எஸ்ஏ, என்சி, என்டி என்றெல்லாம் இருக்கிறதே, எனக்குத் தலை சுற்றுகிறது. எளிமையாகச் சொல்ல முடியுமா?

2001இல் தொடங்கிய கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக ‘சிசி’) அமைப்பு 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. ‘எல்லா உரிமைகளும் எனக்கே’ என்பதற்கும் ‘எனக்கு எந்த உரிமையும் வேண்டாம்’ என்பதற்கும் நடுவில் படைப்பாளிகள் நிற்க ஓர் இடத்தை அவை கொடுத்தன. நான்கு எழுத்துக் குறிகள் தெரிந்தால் போதும். ‘பை’ என்றால் பெயரைக் குறிப்பிட வேண்டும். ‘எஸ்ஏ’ என்றால் மாற்றி வெளியிடும்போது அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ‘என்சி’ என்றால் வணிக நோக்கத்துக்கு ஆகாது. ‘என்டி’ என்றால் மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது. இவற்றைச் சேர்த்து ஆறு உரிமங்கள். ஆறிலும் ‘பை’ உண்டு.

‘என்சி’ குறியில் பலரும் தடுமாறுகிறார்கள். அது பயன்படுத்துகிறவர் யார் என்று பார்ப்பதில்லை. பயன்பாடு வணிக ஆதாயத்தையோ பணத்தையோ முதன்மையாக நோக்குகிறதா என்றே பார்க்கிறது. பக்கத்தில் விளம்பரம் ஓடுகிறதென்றால் எந்தப் பக்கம் சாயும் என்று வாதாடிக்கொண்டிருக்காமல், நான் ‘என்சி’ படத்தை விட்டுவிட்டு வேறு படம் தேடுவேன்.

நன்றிக் குறிப்பை எப்படி எழுத வேண்டும்? ஒரு மாதிரி கொடுங்கள்.

படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், எங்கிருந்து எடுத்தோம், எந்த உரிமம் ஆகிய நான்கும் வேண்டும். மாற்றம் ஏதும் செய்திருந்தால் ஐந்தாவதாக அதையும் சொல்ல வேண்டும். 2013இல் வந்த சிசி 4.0 பதிப்பு உரிமங்களில் தலைப்பு கட்டாயமில்லை. அதற்கு முந்தைய பதிப்புகளில் தலைப்பு கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும். எப்போதும் எழுதிவிடுவது நல்லது. நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

“‘ஆற்றங்கரை நாரை’. படம்: இன்னார். மூலம்: விக்கிமீடியா காமன்ஸ். உரிமம்: சிசி பை 4.0. இடப்பக்கம் வெட்டப்பட்டுள்ளது.”

இதில் தலைப்பிலிருந்து மூலப் பக்கத்துக்கும், உரிமத்தின் பெயரிலிருந்து உரிமப் பக்கத்துக்கும் இணைப்பு கொடுக்க வேண்டும். ‘இன்னார்’ என்ற இடத்தில் படைப்பாளி தம்மை எப்படிக் குறிப்பிடச் சொல்லியிருக்கிறாரோ அப்படியே எழுத வேண்டும். அவர் புனைபெயர் வைத்திருந்தால் அதுதான் பெயர். குறிப்பு படத்தின் அடியிலேயே இருப்பது சிறப்பு. அச்சுப் பிரதியில் இணைப்பைச் சொடுக்க முடியாது என்பதால் முகவரியை முழுமையாக அச்சிட வேண்டும். காணொளியில் இறுதிப் பட்டியலில் சேர்க்கலாம். படத்தைப் பார்க்க இயலாதவர்களுக்காக எழுதும் மாற்றுரையில் பெயரை ஒளித்துவைப்பது நன்றிக் குறிப்பு ஆகாது. அந்த இடம் படத்தை விவரிப்பதற்குரியது.

பழைய படங்களுக்கு உரிமை கிடையாதாமே?

எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. பெர்ன் உடன்படிக்கை படைப்பாளியின் ஆயுளோடு மேலும் 50 ஆண்டுகளைப் பொதுவான குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. இந்தியாவில் 60 ஆண்டுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. அந்தக் காலம் முடிந்ததும் படைப்பு ‘பப்ளிக் டொமைன்’ என்னும் பொதுக்களத்துக்கு வந்துவிடும். கறுப்பு வெள்ளையாக இருப்பதாலேயே ஒரு படம் பொதுக்களத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

பழைய ஓவியத்தை அப்படியே நகலெடுத்த புகைப்படத்துக்குப் புதிய உரிமை உண்டா என்பது அடுத்த ஐயம். 1999இல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் இல்லை என்றது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டளையும் அதே திசையில் சென்றது. சிலையின் கதை வேறு. அதை எந்தக் கோணத்தில், எந்த ஒளியில் எடுப்பது என்பதில் புகைப்படக்காரரின் படைப்பு இருக்கிறது. எனவே சிலை ஆயிரம் ஆண்டுப் பழமையானதாக இருந்தாலும் அதன் படம் நேற்றைய உரிமையைக் கொண்டிருக்கும்.

பொதுக்களப் படத்துக்குப் பெயர் குறிப்பிடுவது பெரும்பாலும் சட்டக் கட்டாயமில்லை. ஆயினும் நான் குறிப்பிடாமல் விடுவதில்லை. நிலவின் அடிவானத்துக்கு மேலே பூமி எழும் அந்தப் படத்தைப் போடும்போது, “படம்: வில்லியம் ஆண்டர்ஸ், அப்பல்லோ 8, நாசா, 24 டிசம்பர் 1968” என்று எழுதினால், சன்னலோரம் கேமராவோடு ஒரு மனிதர் இருந்தார் என்பது வாசகருக்குத் தெரிகிறது.

30 சதவீதம் மாற்றிவிட்டால் அது நம்முடைய படம் ஆகிவிடும் என்கிறார்களே?

அப்படி ஒரு விகிதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. நிறம் மாற்றுவது, இடவலம் திருப்புவது, மேலே எழுத்து போடுவது ஆகிய எதுவும் மூல உரிமையை அழிப்பதில்லை. மாற்றுவதற்கே அனுமதி தேவை. ‘என்டி’ குறியுள்ள படத்தின் அளவைச் சிறிதாக்கலாம். அதை வெட்டுவதையும் அதன்மேல் எழுதுவதையும் நான் தவிர்த்துவிடுவேன்.

முன்பு நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். கூட்டில் நிற்கும் நாரையின் படம் ஒன்றைப் பத்தியின் அகலத்துக்குப் பொருந்தும்படி வெட்டினேன். பெயரும் உரிமமும் சரியாகவே போட்டிருந்தேன். வெட்டியதை மட்டும் குறிப்பிடவில்லை. படத்தை எடுத்தவர் மென்மையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். கூட்டின் ஓரத்தில் தலை மட்டும் தெரிந்த குஞ்சுக்காகவே அவர் அந்தக் காலை முழுவதும் காத்திருந்தாராம். நான் வெட்டி நீக்கிய பகுதியில் அந்தக் குஞ்சு இருந்தது. அவர் பெயரோடு, அவர் எடுக்காத ஒரு படத்தை வெளியிட்டிருந்தேன். படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்று பெர்ன் உடன்படிக்கையில் 1928 முதலே எழுதப்பட்டிருப்பதன் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது.

புகைப்படத்தைப் பார்த்து நானே கையால் வரைந்தால்? அது என் ஓவியம்தானே?

கோடுகள் உங்களுடையவை, ஆனால் காட்சியமைப்பு, கோணம், முகபாவம் ஆகியவற்றைப் புகைப்படத்திலிருந்து எடுத்திருந்தால் அது வழிப்படைப்பு, அதாவது இன்னொருவர் படைப்பை மாற்றி உருவாக்கியது. ஆண்டி வார்ஹோல் போன்ற புகழ்பெற்ற கலைஞரின் படத்துக்கே இந்தக் கேள்வி வந்தது. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படத்தை வைத்து வார்ஹோல் உருவாக்கிய ஓவியத்தை, பின்னாளில் ஒரு பத்திரிகையில் வெளியிட உரிமம் கொடுத்தது வார்ஹோல் அறக்கட்டளை. அந்தப் பயன்பாட்டின் நோக்கம் புகைப்படத்தின் நோக்கத்திலிருந்து போதிய அளவு வேறுபடவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது. பல படங்களைப் பார்த்து ஒரு பறவையின் உடலமைப்பைக் கற்றுக்கொண்டு வரைவதில் இந்தச் சிக்கல் எழாது.

‘எஸ்ஏ’ படத்தை என் கட்டுரையில் போட்டால் கட்டுரையையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டுமா?

பொதுவாக வேண்டியதில்லை. படத்தை மாற்றாமல் கட்டுரையின் பக்கத்தில் வைப்பது ஒரு தொகுப்பு மட்டுமே. கட்டுரையின் உரிமை உங்களிடமே இருக்கும். அந்தப் படத்தையே வேறு படத்தோடு இணைத்து ஓர் அட்டைப்படம் செய்தால், அந்த அட்டைப்படத்தை ‘எஸ்ஏ’ உரிமத்தில் தர வேண்டும்.

அவரே சமூக ஊடகத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்ட படம். அதை எடுப்பதில் என்ன?

படத்தை ஏற்றும்போது அவர் அந்தத் தளத்துக்குத்தான் உரிமம் கொடுக்கிறார், நமக்கு அல்ல. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மோரேல் என்ற புகைப்படக்காரர் ட்விட்டரில் பகிர்ந்த படங்களை வேறொருவர் தம்முடையவை போலப் பகிர, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அவற்றை அந்த வேறொருவர் பெயரில் எடுத்து வெளியிட்டது. படங்களுக்கு உரிமம் விற்கும் கெட்டி நிறுவனமும் அவற்றை விநியோகித்தது. 2013இல் அமெரிக்க நடுவர் குழு மோரேலுக்கு 12 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. அனுமதி இல்லை, பெயரும் தவறு என்ற இரண்டு பிழையும் ஒரே இடத்தில் நேர்ந்த வழக்கு இது.

தளமே தரும் ‘உட்பொதி’ வசதி, படத்தை அதன் இடத்திலிருந்தே நம் பக்கத்தில் காட்டுகிறது; படத்தின் நகல் நம் தளத்தில் ஏறுவதில்லை. எனவே பல நாடுகளில் அது நகலெடுப்பதைவிடப் பாதுகாப்பானது. எல்லா நீதிமன்றங்களும் இதில் ஒரே கருத்தில் இல்லை. திரைப்பிடிப்பு எடுப்பதும் நகலெடுப்பதுதான்.

படத்தை முதலில் எடுத்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அனுமதி கேட்டு என்ன எழுதுவது?

டின்ஐ, கூகுள் லென்ஸ் ஆகியவற்றில் படத்தைக் கொடுத்துத் தேடுங்கள். டின்ஐயில் மிகப் பழைய பதிவு முதலில் வரும்படி அடுக்கலாம். மூலம் பெரும்பாலும் அதன் அருகில்தான் இருக்கும். அளவில் பெரியதாகவும் வெட்டப்படாததாகவும் உள்ள நகலைத் தேடுவது இன்னொரு வழி. யார் என்று தெரியவே இல்லை என்றால் அந்தப் படம் வேண்டாம்.

மடலைச் சுருக்கமாக எழுதுங்கள்: “வணக்கம். உங்களுடைய இந்தப் படத்தை, இந்தத் தலைப்பிலான என் கட்டுரையில், மாற்றம் செய்யாமல் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன். பக்கத்தில் விளம்பரம் இல்லை. உங்கள் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று தெரிவித்தால் அவ்வாறே இடுகிறேன்.” படத்தின் இணைப்பையும் உங்கள் பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துவிடுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் அது கேட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே; அதே படத்தைப் பின்னர் நூல் அட்டையில் போட வேண்டுமானால் மீண்டும் கேட்க வேண்டும்.

உரிமம் சரியாக இருக்கிறது. படத்தில் இருக்கிற ஆளிடமும் கேட்க வேண்டுமா?

சிசி உரிமம் புகைப்படக்காரரின் பதிப்புரிமையை மட்டுமே பேசுகிறது. படத்தில் இருப்பவரின் தனியுரிமையைப் பேசுவதில்லை. 2007இல் ஆஸ்திரேலியாவில் ஒரு கைபேசி நிறுவனம், ஃபிளிக்கர் என்னும் படப் பகிர்வுத் தளத்தில் ‘சிசி பை’ உரிமத்தில் இருந்த ஒரு பதின்வயதுச் சிறுமியின் படத்தை விளம்பரப் பலகையில் போட்டது. சிறுமியின் குடும்பம் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தது; அங்கே விசாரிக்க அதிகார வரம்பு இல்லை என்று அது தள்ளுபடியானது. சட்டம் எங்கே முடிந்தாலும், தன் முகம் ஒரு பொருளை விற்கப் பயன்படுவதை அவள் ஒப்புக்கொண்டிருக்கவில்லை. விளம்பரத்துக்கும், நோய், குற்றம், வறுமை போன்ற பொருள்களிலான கட்டுரைகளுக்கும், அடையாளம் தெரியும் முகங்களை அவர்களுடைய எழுத்துவழிச் சம்மதம் இல்லாமல் பயன்படுத்தாதீர்கள்.

கட்டடங்களுக்கும் இதுபோல ஒரு நுணுக்கம் உண்டு. ஈபிள் 1923இல் மறைந்துவிட்டதால் அவர் பெயரிலான கோபுரத்துக்கு உரிமை இல்லை. இரவில் ஒளிரும் அதன் விளக்கு அமைப்புக்கு உரிமை இருப்பதாக நிர்வாகம் கூறி, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்கச் சொல்கிறது.

செயற்கை நுண்ணறிவை வைத்து உருவாக்கிய படத்துக்கு யார் பெயர் போடுவது?

இந்தோனேசியாவில் ஒரு குரங்கு தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்தைப் பற்றிய விவாதத்தின்போது, விலங்கு எடுத்த படத்தைப் பதிவு செய்வதில்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2014இல் தெளிவுபடுத்தியது. இயந்திரம் தானே உருவாக்கிய படத்துக்கும் மனிதப் படைப்பாளி வேண்டும் என்றே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025இல் சொன்னது. எனவே ‘படம்’ என்று உங்கள் பெயரைப் போடாமல், எந்தக் கருவியால் உருவாக்கியது என்று எழுதுங்கள். வாசகர் அதைப் புகைப்படம் என்று நம்பிவிடக் கூடாது.

என் படத்தைப் பயன்படுத்திவிட்டாய், பணம் கட்டு என்று மடல் வந்திருக்கிறது. படத்தை நீக்கிவிட்டால் முடிந்ததா?

நீக்குங்கள், ஆனால் அதோடு முடியாது. நீக்கியது இனிமேலுள்ள பயன்பாட்டை நிறுத்துமே தவிர, நடந்ததை அழிக்காது. மடலைப் புறக்கணிக்கவும் வேண்டாம், பதற்றத்தில் அன்றே பணம் அனுப்பவும் வேண்டாம். அனுப்பியவர் உண்மையான உரிமையாளரா, தொகை அந்தப் படத்தின் வழக்கமான உரிமக் கட்டணத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய தொகை என்றால் வழக்கறிஞரைக் கேளுங்கள். படம் சிசி 4.0 உரிமத்தில் இருந்து, பெயர் விடுபட்டதுதான் பிழை என்றால், அதை அறிந்த 30 நாள்களுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாக மீளும். பழைய பதிப்புகளில் இந்த வசதி இல்லை.

நான் எடுத்தபோது சிசி உரிமம் இருந்தது, இப்போது பார்த்தால் அந்தப் பக்கத்தில் ‘எல்லா உரிமைகளும் காக்கப்பட்டவை’ என்றிருக்கிறது. என்ன செய்வது?

சிசி உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. படைப்பாளி புதியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தலாம். முன்பு பெற்றவர் நிபந்தனைகளைப் பின்பற்றும் வரை அவருடைய உரிமை தொடரும். ஆனால் அன்று அந்த உரிமம் இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதற்காக நான் ஒரு விரிதாள் வைத்திருக்கிறேன். கோப்பின் பெயர், எடுத்தவர், மூல முகவரி, உரிமத்தின் பெயரும் பதிப்பும், பதிவிறக்கிய நாள், எந்தக் கட்டுரையில் போட்டோம் என்று ஒரு படத்துக்கு ஒரு வரி. கூடவே, உரிமம் தெரியும்படி மூலப் பக்கத்தின் திரைப்பிடிப்பு ஒன்றை அதே கோப்புப் பெயரில் சேமித்துவிடுகிறேன். இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினிலும் அந்தப் பக்கத்தைப் பதிந்துவைக்கிறேன். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். படைப்பாளி மனம் மாறி, படத்தை எடுத்துவிடும்படி வேண்டினால், சட்டப்படி தேவையில்லை என்றாலும் நான் எடுத்துவிட்டு, விரிதாளின் கடைசிக் கட்டத்தில் நீக்கிய நாளை எழுதிவைக்கிறேன்.